பெயரைப் பார்த்துப் பாடம் எடுக்காதீர்கள்: பரிமாற்ற மாணவர்களுக்கான அரசியல் அறிவியல் பாடத் தேர்வு

பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அரசியல் அறிவியல் துறையின் பாடப் பட்டியலைத் திறந்ததும் 'ஜனநாயகத்தின் நெருக்கடி', 'உலக அரசியலில் அதிகாரம்' என்று கண்ணைப் பறிக்கும் தலைப்புகளாக ஐந்தைப் பொறுக்கிவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில்தான் விஷயம் புரிகிறது. நான்கு பாடங்களுக்கு நீண்ட கட்டுரை, நான்குக்கும் ஒரே வாரத்தில் கெடு. ஐந்தாவதற்கு எழுத்துத் தேர்வு, அதுவும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்குப் பத்து நாள் கழித்து.

தலைப்பை வைத்து ஒரு பாடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு. மதிப்பெண் எதற்கு, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் என்று சொல்லும் அந்தச் சின்ன அட்டவணைதான் பாடத்தின் ஜாதகம். அதைப் படித்துவிட்டுத் தலைப்பைப் பாருங்கள்.

முதலில் சொந்தத் துறையில் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுப் பட்டியலைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களுக்குச் சொந்தத் துறையிலிருந்து பதில் வாங்குங்கள், வாய்மொழியாக அல்ல, மின்னஞ்சலில். எத்தனை கிரெடிட் கொண்டுவர வேண்டும்? அந்தப் பருவத்தில் விட்டுப்போகும் கட்டாயத் தாள்கள் எவை, அவற்றுக்கு ஈடாக வெளியில் படித்ததை ஏற்பார்களா? அங்கே வாங்கும் மதிப்பெண் இறுதிச் சராசரியில் சேருமா, அல்லது தேர்ச்சி என்று மட்டும் குறிக்கப்படுமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் பாடத் தேர்வையே புரட்டிப்போடும் கேள்வி அதுதான். தேர்ச்சி மட்டும் போதுமென்றால் புள்ளியியல் முறையியல், விளையாட்டுக் கோட்பாடு (கேம் தியரி) போன்ற கடினமான பாடங்களைத் துணிந்து எடுக்கலாம். மதிப்பெண் சராசரியில் சேரும் என்றால் ஒரு பருவத்துக்கு அப்படி ஒரு பாடத்துக்கு மேல் வேண்டாம்.

கட்டாயத் தாளுக்கு ஈடு கேட்கும்போது தலைப்பை மட்டும் அனுப்பினால் பதில் வராது, வந்தாலும் 'பார்க்கலாம்' என்றுதான் வரும். வாரவாரியான தலைப்புகள், வாசிப்புப் பட்டியல், மதிப்பீட்டு முறை, மொத்த நேரம் எல்லாம் அடங்கிய முழுப் பாடத்திட்டத்தை இணைத்து அனுப்புங்கள். 'ஒப்பீட்டு அரசியல்' என்று இரண்டு இடத்திலும் பெயர் இருக்கலாம். ஒன்று நாடு நாடாக அரசமைப்பைப் படிப்பதாகவும், மற்றொன்று தேர்தல் முறை, கட்சி அமைப்பு, ஆட்சி மாற்றம் என்று கோட்பாடு கோட்பாடாகப் போவதாகவும் இருக்கும். ஈடு பார்ப்பவர் உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிடுவார்.

ஐந்து பாடம் தேவையென்றால் எட்டுக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இருப்பது பெரும்பாலும் போன ஆண்டின் பட்டியல். ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போயிருப்பார், பாடம் ஆண்டுக்கொரு முறை மற்றப் பருவத்தில் மட்டும் நடக்கும், கருத்தரங்கில் இடம் நிரம்பியிருக்கும், இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதும். இந்த நான்கில் ஒன்றாவது நடக்காமல் போனால்தான் ஆச்சரியம். 1987-இல் தொடங்கிய ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் இதற்கென்றே, எடுக்கப்போகும் பாடங்களைப் பட்டியலிடும் கற்றல் ஒப்பந்தத்தில் 'போன பிறகு செய்யும் மாற்றங்கள்' என்று தனிப் பகுதி உண்டு. மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் செல்லும். வேறு திட்டங்களிலும் அதே எச்சரிக்கை வேண்டும்: மாற்றிய பாடத்துக்குப் புதிய ஒப்புதல் கையில் இல்லாவிட்டால், அங்கே தேர்ச்சி பெற்றாலும் இங்கே கணக்கில் ஏறாது.

கிரெடிட் என்றால் நேரம்

பல்கலைக்கழகங்களுக்கிடையே கிரெடிட்டை மாற்றிக்கொள்ள உதவும் ஐரோப்பிய ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 60, ஒரு பருவத்துக்கு 30. பிரிட்டனில் ஓர் ஆண்டுக்கு 120 என்று எண்ணுவார்கள், அங்கே இரண்டு கிரெடிட் ஓர் ஈசிடிஎஸ். அமெரிக்காவில் சாதாரணப் பாடம் மூன்று கிரெடிட். இளங்கலை மாணவருக்கு ஒரு பருவத்தில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும், விசாவும் அதோடு சிக்கலாகும். ஆகவே அங்கே நான்கு பாடம் மட்டும் வைத்திருப்பவர் பருவத்தின் நடுவே ஒன்றைக் கைவிட நினைத்தால், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஆறு ஈசிடிஎஸ் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150 முதல் 180 மணி நேரம். வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி என்று 14 வாரம் நடந்தால் 28 மணி நேரம். மீதி 120 மணிக்கு மேல் எங்கே? வாசிப்பிலும் கட்டுரையிலும்தான். கால அட்டவணையில் வாரத்துக்குப் பத்து மணி வகுப்புதான் இருக்கிறது, மீதி நாளெல்லாம் ஊர் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

ஸ்வீடனில் கதை வேறு. அங்கே பல துறைகளில் 7.5 கிரெடிட் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஐந்து வாரம், முழுநேரமாக நடத்துவார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தின் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

பாடத்திட்டத்தை எங்கிருந்து படிப்பது

கடைசிப் பக்கத்திலிருந்து. மதிப்பீடு அங்கேதான் இருக்கும். இப்படி ஒரு வரி கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'பங்கேற்பு 15%, இரண்டு எதிர்வினைக் குறிப்புகள் 20%, வாய்மொழி அறிக்கை 15%, ஆய்வுக் கட்டுரை 50%, 3,500 சொல்.' இதில் ஒளிந்திருப்பவை பல. பங்கேற்பு 15% என்றால் வெறுமனே வந்து உட்கார்ந்தால் போதாது, பேச வேண்டும். எதிர்வினைக் குறிப்பு எந்த வாரத்துக்கு என்று நீங்களே தேர்வு செய்யலாம் என்றால், கட்டுரைத் தலைப்புக்கு நெருக்கமான வாரங்களை எடுங்கள், அதே வாசிப்பு இரண்டு முறை உதவும். பாதி மதிப்பெண் ஒரே கட்டுரையில் தொங்குவதால், அதன் கெடு எப்போது என்பதும் முன்வரைவை ஆசிரியர் பார்ப்பாரா என்பதும் முக்கியம்.

அடுத்து முன்தேவை. பாடங்களுக்கு நூறு, இருநூறு, முந்நூறு என்று எண்ணிடும் பல்கலைக்கழகங்களில் எண் கூடக் கூட முன்னறிவை எதிர்பார்ப்பார்கள். முதல் நூறுகளில் உள்ளவை அறிமுக விரிவுரைகள், பெரிய அரங்கு, தேர்வு. முந்நூறும் நானூறும் சிறு கருத்தரங்கு, வாசிப்பு, கட்டுரை. ஆனால் எண் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: அந்த நாட்டின் உள்நாட்டு அரசியல். அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் விவாதத்தை நீட்டி வாக்கெடுப்பைத் தடுக்கும் செனட்டின் 'ஃபிலிபஸ்டர்' என்ன, அதை முடிக்க ஏன் 60 வாக்கு வேண்டும் என்றெல்லாம் யாரும் விளக்கமாட்டார்கள். பள்ளியிலேயே தெரியும் என்று வைத்துப் பேசுவார்கள். இரண்டு வாரம் முன்பே ஓர் அடிப்படை நூலைப் படித்துவிட்டுப் போனால் இது தீர்ந்துவிடும். அதற்காக உள்நாட்டு அரசியல் பாடத்தைத் தவிர்க்காதீர்கள். பன்னாட்டு உறவுகள் அறிமுகம் எங்கேயும் கிடைக்கும். ஜெர்மனியில் கூட்டணி அரசு எப்படி அமைகிறது என்பதை ஜெர்மன் மாணவர்கள் நடுவே உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு ஊரில் கிடைக்காது. குறைந்தது ஒரு பாடமாவது அப்படி இருக்கட்டும்.

முறையியல் பாடம் என்றால் எந்த மென்பொருள் என்று கேளுங்கள். ஆர் மொழியோ ஸ்டேட்டாவோ முந்தைய பருவத்திலேயே கற்றிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் பின்னடைவுப் பகுப்பாய்வோடு (ரிக்ரெஷன்) நிரலெழுதுவதையும் சேர்த்துக் கற்க வேண்டிவரும். நேர்காணலோ கருத்துக்கணிப்போ செய்யச் சொல்லும் பாடம் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவருக்கு அது தாங்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தரவை வைத்துச் செய்கிறேன் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

விரிவுரை, கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு

ஒரே பாடத்துக்கு விரிவுரையும் அதோடு ஒட்டிய சிறு குழு வகுப்பும் தனித்தனியே பதிய வேண்டியிருக்கும். விரிவுரைக்கு மட்டும் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தால் குழுவில் பெயர் இல்லாமல் போகும், பங்கேற்பு மதிப்பெண்ணும் போகும். ஜெர்மனியில் இன்னொரு கண்ணி: பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டாவதற்குத் தனிக் காலக்கெடு உண்டு. பருவம் முழுக்க வகுப்புக்கு வந்தவர்கூட அதைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. அங்கே அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியான நேரத்துக்கு. முதல் நாள் வெற்று அறையில் உட்கார்ந்து தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பதறுபவர்கள் பெரும்பாலும் பரிமாற்ற மாணவர்கள்தான்.

இத்தாலியில் பல பாடங்களுக்கு வகுப்புக்கு வருபவர்களுக்கு ஒரு வாசிப்புப் பட்டியல், வராதவர்களுக்கு அதைவிடப் பெரிய இன்னொரு பட்டியல். நீங்கள் எந்த வகை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். தேர்வு வாய்மொழியாகவும் இருக்கலாம். எழுதியே பழகியவர்கள் இதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்: ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம், குறிப்பு இல்லாமல், வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய ஒன்று

தேர்வு எப்போது? இலையுதிர்காலப் பருவத்துக்கு வந்து டிசம்பரில் திரும்புபவருக்கு ஜனவரியில் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும், கட்டுரைகளின் கெடு மார்ச் வரைகூட நீளும். பிரிட்டனில் ஆண்டு முழுக்க நடக்கும் பாடத்துக்கு மே மாதம் தேர்வு இருக்கலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவருக்கு மாற்று மதிப்பீடு தரும் துறைகள் நிறைய இருக்கின்றன, தேர்வுக்குப் பதில் கட்டுரை, அவ்வளவுதான். ஆனால் தானாக யாரும் கொடுக்கமாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். பதிவதற்கு முன்பே கேளுங்கள். ஒன்பதாவது வாரத்தில் போய் 'எனக்கு விமானம் 18-ஆம் தேதி' என்றால் விதிமுறையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். கேட்கும் மின்னஞ்சல் நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்தப் பாடம், எந்தத் தேதியில் தங்கும் காலம் முடிகிறது, எந்த மாற்று உங்களுக்குச் சரிப்படும்.

வாசிப்பைக் கையாளுவது

ஒரு பாடத்துக்கு வாரம் 60 முதல் 100 பக்கம் என்பது கருத்தரங்குகளில் சாதாரணம். நான்கு பாடம் என்றால் முந்நூறு பக்கம். வரிக்கு வரி படிக்கப் பார்ப்பவர் மூன்றாவது வாரத்திலேயே மூழ்கிவிடுவார். ஆய்வுக் கட்டுரையை முன்னுரை, முடிவுரை, அட்டவணைகள், பிறகு நடுப்பகுதி என்ற வரிசையில் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்தில் ஐந்து விடை எழுதினால் போதும். என்ன கேள்வி கேட்கிறார்? என்ன விடை சொல்கிறார்? ஏன் அப்படி நடக்கிறது என்கிறார்? எதை ஆதாரமாகக் காட்டுகிறார்? எந்த இடத்தில் இது பொருந்தாது? ஐந்தாவது விடைதான் வகுப்பில் பேசுவதற்கான கச்சாப் பொருள்.

அரசியல் கோட்பாட்டுப் பாடம் மட்டும் விதிவிலக்கு. ஹாப்ஸ், ரூசோ போன்ற தத்துவ அறிஞர்களை இப்படித் தாவிப் படிக்க முடியாது. இருபது பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகும். பக்க எண்ணிக்கை குறைவு என்று இதை 'லேசான பாடம்' பட்டியலில் சேர்ப்பது வழக்கமான பிழை.

பேசத் தயங்குபவர்களுக்கு ஒரு நடைமுறை வழி: முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. நேரம் போகப் போக நுழைவது கடினமாகிவிடும், மொழி வேகமும் கூடிவிடும். தூதர்களோ அதிகாரிகளோ வந்து பேசும் வகுப்புகளில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று அறிவிப்பார்கள். கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதையோ எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையோ வெளியில் சொல்லக் கூடாது என்று பொருள். சமூக ஊடகத்தில் பெயர்போட்டுப் பதிவிடுவதும் மீறல்தான்.

கட்டுரை: உங்கள் நாட்டை எப்படிப் பயன்படுத்துவது

பரிமாற்ற மாணவரின் பெரிய சொத்து, வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு நாட்டை உள்ளிருந்து அறிந்திருப்பது. அதைப் பெரும்பாலோர் வீணாக்குவது 'எங்கள் நாட்டில் இப்படித்தான்' என்று விவரித்துவிட்டு நிறுத்துவதால். விவரம் வாதம் ஆகாது.

டுவெர்ஜே விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி என்ற தேர்தல் முறை இரண்டு கட்சி அமைப்பை நோக்கித் தள்ளும் என்பது பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே சொன்னது. இந்தியாவிலும் கனடாவிலும் இதே முறைதான், ஆனால் நாடாளுமன்றத்தில் பல கட்சிகள். பலவீனமான கட்டுரை இப்படித் தொடங்கும்: 'இந்தியா பல மொழிகளும் பல மாநிலங்களும் கொண்ட நாடு. இங்கே பல கட்சிகள் உள்ளன.' உண்மைதான், ஆனால் இதில் மறுக்க ஒன்றுமில்லை, ஆகவே நிரூபிக்கவும் ஒன்றுமில்லை. வலுவான தொடக்கம் இது: 'விதி வேலை செய்யும் இடம் தொகுதி, நாடு அல்ல. தொகுதிக்குள் போட்டி இரண்டு தரப்பாகச் சுருங்கினாலும், அந்த இரண்டு தரப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் தேசிய அளவில் கட்சிகள் பெருகுகின்றன. ஆகவே இந்தியா விதியைப் பொய்யாக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது.' இப்போது ஆசிரியர் மறுக்கலாம், தொகுதிவாரி முடிவுகளை வைத்துச் சோதிக்கலாம், மும்முனைப் போட்டி நடந்த தொகுதிகளைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

வடிவத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரெஞ்சுத் துறைகளில் கட்டுரையானாலும் வாய்மொழி அறிக்கையானாலும் இரண்டு பெரும் பகுதிகளாக, ஒவ்வொன்றும் இரண்டு உட்பகுதிகளாகப் பிரித்துத் திட்டம் போடுவதை எதிர்பார்ப்பார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க வகுப்புகளில் முதல் பத்தியிலேயே உங்கள் வாதம் நேராக வந்துவிட வேண்டும். சொல் எண்ணிக்கையில் அடிக்குறிப்பு சேருமா, மேற்கோள் முறை எது, தாமதத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கழிப்பார்கள், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதுவரை அனுமதிக்கிறார்கள் என்பதெல்லாம் துறைக்குத் துறை, சிலசமயம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். பாடத்திட்டத்தில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். வேறு பாடத்துக்கு எழுதிய சொந்தக் கட்டுரையையே மீண்டும் கொடுப்பதும் பல இடங்களில் திருட்டாகவே கருதப்படும், ஊரில் எழுதியதை மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் அதேதான்.

மதிப்பெண்ணும் சான்றும்

பிரிட்டனில் 40 தேர்ச்சி, 70 முதல் வகுப்பு, 80-ஐத் தாண்டுவது அபூர்வம். பிரான்ஸில் 20-க்கு 10 தேர்ச்சி, 16 வாங்கினால் மிகச் சிறப்பு. நெதர்லாந்தில் 10-க்கு 5.5 தேர்ச்சி, 9 எளிதில் விழாது. இத்தாலியில் 30-க்கு 18. ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 முதலிடம், 4.0 தேர்ச்சியின் எல்லை. ஆகவே பிரிட்டனில் வாங்கிய 68-ஐ அப்படியே 68 சதவீதம் என்று ஊரில் ஏற்றினால் அது உங்களுக்கு நட்டம். போவதற்கு முன்பே மாற்று அட்டவணை எது என்று எழுத்தில் வாங்குங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், ஏற்கும் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பரவல் அட்டவணையை மதிப்பெண் சான்றோடு சேர்த்துக் கேளுங்கள். அந்த வகுப்பில் எத்தனை சதவீதத்தினர் எந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்பதை அது காட்டும்.

புறப்படும் முன் சான்றில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே வருமா, எந்த முகவரிக்கு அனுப்புவார்கள், நூலகப் பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் திருப்பாத ஒரு புத்தகம் போதும், சான்று நின்றுவிடும். ஈசிடிஎஸ் வழிகாட்டுதலின்படி முடிவு வெளியாகி ஐந்து வாரத்துக்குள் சான்று வர வேண்டும். நீண்ட கட்டுரைகளைத் திருத்தவே மாதக்கணக்கில் ஆகும் துறைகளில் அந்த ஐந்து வாரம் தொடங்குவதே தாமதமாகும். ஊரில் கடைசிப் பருவத்துக்குப் பதிய அந்தச் சான்று தேவைப்படுமென்றால், எந்த ஆசிரியரின் மதிப்பெண் இன்னும் நிற்கிறது என்று கேட்டு அவருக்கே நேராக எழுதுங்கள்.

கல்லூரிக் கணக்கு மூடப்படும் நாளுக்குள் எல்லாப் பாடத்திட்டங்களையும், நீங்கள் சமர்ப்பித்த கட்டுரைகளையும், அவற்றுக்கு வந்த கருத்துரைகளையும், ஒப்புதல் மின்னஞ்சல்களையும் சொந்தக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது 'இந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள்' என்று கேட்பார்கள், அப்போது பழைய பாடத்திட்டம் இணையத்தில் இருக்காது.